முடிவெடுப்பவரின் மேசையில்: தொழில்நுட்பக் கொள்கைப் படிப்பு எனக்குக் கற்றுத் தந்தவை

பொறியியலோ அறிவியலோ படித்துவிட்டுச் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: தொழில்நுட்ப மேலாண்மை, புத்தாக்கம், பொதுக் கொள்கை என்று மூன்றையும் ஒன்றாகச் சொல்லும் அந்த முதுநிலைப் படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? எம்.பி.ஏ.வுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? முடித்தால் என்ன வேலை? மின்சார மீட்டர்களுக்கு மென்பொருள் எழுதும் வேலையிலிருந்து அந்தப் படிப்புக்குப் போய், முடித்து, இப்போது ஒழுங்குமுறை சார்ந்த பணியில் இருப்பவன் என்ற முறையில் என் பதிலை எழுதி வைக்கிறேன்.

ஒரு கருவி வேலை செய்யுமா என்பதைப் பொறியியல் சொல்லிவிடும். அந்தக் கருவியை வாங்குவதா, விற்பதா, கட்டாயமாக்குவதா, தடை செய்வதா, இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்திருப்பதா என்று யாரோ ஒருவர் ஒரு நாள் முடிவெடுத்தாக வேண்டும். அவர் நிறுவனத் தலைவராக இருக்கலாம், அமைச்சகத்தின் செயலராக இருக்கலாம், ஒழுங்குமுறை ஆணையத்தின் உறுப்பினராக இருக்கலாம். தேவையான தகவல் முழுவதும் அவர் கைக்கு வரப்போவதில்லை. கெடு நெருங்கிக்கொண்டிருக்கும். எதிரெதிர்த் தரப்புகள் ஆளுக்கொரு காதில் பேசிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எடுக்கப்படும் முடிவை எப்படிக் கொஞ்சமாவது செம்மையாக்குவது என்பதுதான் இந்தப் படிப்பின் உள்ளடக்கம். மேலாண்மை, பொருளியல், சட்டம், புள்ளியியல் எல்லாம் அதற்கான கருவிகள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறவர்களுக்கு ஒவ்வொரு வகுப்பும் பொருள்படும். மற்றவர்களுக்கு எல்லாத் துறைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்கொண்டது போன்ற உணர்வே மிஞ்சும். என்னோடு படித்தவர்களில் இரு வகையினரையும் பார்த்திருக்கிறேன்.

எங்கே சேர்வது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒரே பெயரில் மிக வேறுபட்ட படிப்புகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1966-இல் கிறிஸ்டோபர் ஃப்ரீமன் தொடங்கிய அறிவியல் கொள்கை ஆய்வு மையம் இந்தத் துறையின் மூத்த அமைப்புகளில் ஒன்று. ஃப்ரீமன் பொருளியலாளர். சில நாடுகள் மட்டும் புதிய தொழில்நுட்பங்களை வேகமாக உள்வாங்கிக்கொள்வது ஏன் என்பது போன்ற பெரிய கேள்விகளே அந்த மரபின் மையம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான எம்.ஐ.டி.யிலும் கார்னகி மெல்லனிலும் 1970-களில் வளர்ந்த படிப்புகள் வேறு வகை. அங்கே பொறியாளர்களைப் பொறியாளர்களாகவே வைத்துக்கொண்டு, கொள்கைச் சிக்கல்களைக் கணக்கிட்டுப் பார்க்கப் பழக்குகிறார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு புலம் இருக்கிறது. சிக்கலான அமைப்புகளைக் கணினி மாதிரிகளாகக் கட்டி ஆராய்வது அதன் வலிமை. இவை தவிர, மேலாண்மைக் கல்லூரிகளுக்குள் இருக்கும் தொழில்நுட்ப மேலாண்மைப் படிப்புகள் முற்றிலும் நிறுவனங்களின் பக்கம் நின்று பேசுபவை.

இவற்றில் எது உயர்ந்தது என்று கேட்பதில் பயன் இல்லை. உங்கள் கேள்வி எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தால் இடம் தானாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்றுதான்: அந்தத் துறையில் கடந்த சில ஆண்டுகளில் மாணவர்கள் சமர்ப்பித்த ஆய்வேடுகளின் தலைப்புகளைப் படியுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழக நூலகங்கள் அவற்றைத் திறந்தே வைத்திருக்கின்றன. விளம்பரத் துண்டறிக்கையில் இருக்கும் சொற்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆய்வேட்டுத் தலைப்புகள் பொய் சொல்லாது. நீங்கள் எழுத ஆசைப்படும் மாதிரியான ஆய்வேடு அங்கே ஒன்றிரண்டுகூட இல்லையென்றால், அங்கே உங்களுக்கு நெறியாளர் கிடைப்பது கடினம். அடுத்ததாக, கட்டாயப் பாடங்களை யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். புகழ்பெற்ற பேராசிரியரின் பெயர் பட்டியலில் இருக்கும். அவர் வகுப்பெடுக்கிறாரா என்பது வேறு செய்தி. அங்கே இப்போது படிக்கும் மாணவர் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கையைப் பற்றி ஒரு சொல். "தொழில்நுட்பத்தால் சமுதாயத்தை மாற்ற வேண்டும் என்பது என் கனவு" என்று தொடங்கும் அறிக்கைகளைத் தேர்வுக் குழுவினர் கட்டுக்கட்டாகப் படிக்கிறார்கள். என்னுடையதில் நான் எழுதியது ஒரு சிக்கலைப் பற்றி மட்டும். நாங்கள் எழுதிய மென்பொருள் சோதனைக்கூடத்தில் எல்லாத் தேர்விலும் தேறியது. வீடுகளுக்குப் போனதும் ஒரு பகுதியில் மட்டும் மக்கள் மீட்டரைப் பொருத்தவே விடவில்லை. காரணத்தை அறிய எங்கள் அலுவலகத்தில் யாரிடமும் கருவி இல்லை, அது யாருடைய வேலை என்றும் தெரியவில்லை. அதைக் கற்கத்தான் வருகிறேன் என்று எழுதினேன். வேலையில் நீங்கள் நேரில் கண்ட, உங்கள் தொழிலறிவால் மட்டும் தீர்க்க முடியாத ஒரே ஒரு சிக்கலை விவரமாக எழுதுங்கள். அதுவே போதும்.

இதனால்தான் இளநிலைப் படிப்பை முடித்த கையோடு சேர வேண்டாம், இரண்டு மூன்று ஆண்டாவது வேலை பார்த்துவிட்டு வாருங்கள் என்று வற்புறுத்துகிறேன். இந்தப் படிப்புக்குத் தனியாக ஒரு பாடப்பொருள் கிடையாது. மின்சாரமோ, மருந்தோ, தொலைத்தொடர்போ, நீங்கள் கொண்டுவரும் துறைதான் அதற்குப் பாடப்பொருள். வெறுங்கையோடு வந்தவர்கள் கோட்பாடுகளைத் திருப்பிச் சொல்வதோடு நின்றுவிடுகிறார்கள்.

முதல் பருவத்தில் பொறியாளர்கள் பலரைத் தடுமாற வைப்பது பொருளியலும் அதோடு வரும் செலவு-பயன் பகுப்பாய்வும். கணிதம் கடினம் என்பதால் அல்ல. பொறியாளர்களுக்கு அது எளிது. அந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கும் தீர்ப்புகளைப் பார்க்கப் பழகுவதுதான் கடினம். ஓர் அணைத் திட்டத்தால் 50 ஆண்டுகள் கழித்து 100 கோடி மதிப்புள்ள நன்மை கிடைக்கும் என்று வையுங்கள். அதன் இன்றைய மதிப்பு என்ன? எதிர்கால மதிப்பை இன்றைக்குக் குறைத்துக் கணக்கிடும் ஆண்டு வீதத்துக்குக் கழிவு வீதம் என்று பெயர். இன்றைய பணம் ஆண்டுக்கு 3 சதவீதம் வளரும் என்று வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 23 கோடி. 7 சதவீதம் என்று வைத்தால் 3.4 கோடி. திட்டம் அதே, நன்மை அதே, வாய்பாடும் அதே. ஒரே ஒரு எண்ணை மாற்றியதில் அணை கட்டலாம் என்ற முடிவு வேண்டாம் என்று மாறிவிடுகிறது. வரும் தலைமுறைக்கு நாம் எவ்வளவு மதிப்பு தருகிறோம் என்ற அறக் கேள்வி அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. அன்றிலிருந்து எந்த அறிக்கை கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது கழிவு வீதத்தைத்தான். பெரும்பாலும் அது பிற்சேர்க்கையில், அடிக்குறிப்பில் இருக்கும். முடிவை மாற்றக்கூடிய எண் எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் ஏற்றி இறக்கிப் பார்க்கும் பழக்கம் இந்தப் படிப்பு எனக்குத் தந்த முதல் சொத்து.

மேலாண்மைப் பாடமும் கொள்கைப் பாடமும் ஏன் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது ஒரு கதையால். அதே கதையை இரண்டு வகுப்புகளில், இரண்டு விதமாகக் கேட்டோம். சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். அவர் வேலை பார்த்த இ.எம்.ஐ. நிறுவனத்தை உலகம் இசைத்தட்டு நிறுவனமாகவே அறிந்திருந்தது. 1971 அக்டோபரில் லண்டனில் ஒரு மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை ஸ்கேன் செய்யப்பட்டது. 1979-இல் ஆலன் கார்மாக்கோடு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த நேரத்தில் இ.எம்.ஐ. சந்தையில் பிடி தளர்ந்து, அந்தத் தொழிலையே விட்டு விலகும் நிலைக்கு வந்துவிட்டது. ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் முந்திக்கொண்டன.

மேலாண்மை வகுப்பில் இதற்குச் சொன்ன விளக்கம்: கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமை மட்டும் போதாது. மருத்துவமனைகளோடு பழக்கம், கருவி பழுதானால் மறுநாளே போய்ச் சரிசெய்யும் பணியாளர் படை, மருத்துவர்களுக்குப் பயிற்சி தரும் ஏற்பாடு, இவையெல்லாம் வேண்டும். எக்ஸ்-ரே கருவிகளை ஆண்டாண்டு காலமாக விற்றுவந்த நிறுவனங்களிடம் இவை ஏற்கெனவே இருந்தன, இ.எம்.ஐ.யிடம் இல்லை. பொருளியலாளர் டேவிட் டீஸ் 1986-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த வாதத்தைத்தான் கோட்பாடாக வடித்தது. கேட்டுவிட்டு, விஷயம் முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போனோம்.

அடுத்த பருவத்தில், கொள்கை வகுப்பில் அதே ஸ்கேனர் மறுபடி வந்தது. அமெரிக்காவில் மருத்துவச் செலவு ஏறிக்கொண்டே போனதால் 1974-இல் ஒரு சட்டம் வந்தது. விலை உயர்ந்த கருவியை வாங்க விரும்பும் மருத்துவமனை, அது அந்த வட்டாரத்துக்குத் தேவைதான் என்று முன் அனுமதி பெற வேண்டும் என்ற முறையை அது நாடெங்கும் பரப்பியது. அந்த முறையின் கண்ணில் முதலில் பட்டவற்றில் ஒன்று சி.டி. ஸ்கேனர். பெரிய சந்தையில் விற்பனை சுணங்கியது. ஒரே கருவியை நம்பியிருந்த நிறுவனத்தை அது தாக்கிய விதம் வேறு, பல கருவிகளை விற்ற நிறுவனங்களைத் தாக்கிய விதம் வேறு. அதே விதி, செலவைக் கட்டுப்படுத்த நினைத்த அதிகாரியின் மேசையில் முழுக்க நியாயமாகத் தெரிந்திருக்கும். இரண்டு வகுப்புகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கதை நிறைவு பெற்றது. நிறுவனத்துக்குள் இருப்பவர் சட்டத்தை வானிலையைப் போல நினைக்கிறார்: அது வரும், போகும், நம்மால் ஆவது ஒன்றுமில்லை. அரசில் இருப்பவருக்கோ நிறுவனத்தின் கையிருப்பும் பழுது பார்க்கும் படையும் கண்ணில் படுவதே இல்லை. இரண்டு பக்கத்தையும் ஒருங்கே பார்க்கத் தெரிந்தவர்கள் எங்கும் குறைவு. அந்தக் குறையை நிரப்பவே இந்தப் பட்டம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு செய்தியும் என் பார்வையை மாற்றியது. எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் நியூயார்க்கில் 1882-இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரத்தால் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித் திறன் பெரிதாக உயர்ந்ததோ 1920-களில். இடையில் ஏன் அத்தனை தாமதம்? நீராவி எஞ்சின் காலத்தில் கூரையை ஒட்டி ஒரு நீண்ட இரும்புத்தண்டு சுழலும். அதிலிருந்து தோல்பட்டைகள் வழியாக ஒவ்வோர் இயந்திரத்துக்கும் விசை வரும். முதலில் எஞ்சினை எடுத்துவிட்டு அதே இடத்தில் பெரிய மின்மோட்டார் ஒன்றை வைத்தார்கள். தண்டும் பட்டைகளும் அப்படியே இருந்தன. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் பொருத்தி, வேலை நகரும் வரிசைப்படி கட்டடத்தையே மாற்றி அமைத்த பிறகுதான் பலன் தெரிந்தது. பொருளியல் வரலாற்றாளர் பால் டேவிட் 1990-இல் இதைக் கணினியோடு ஒப்பிட்டு எழுதினார். செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று நிறுவனங்களில் நடக்கும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம், "தண்டை எடுத்தாயிற்றா?" என்ற கேள்விதான் எனக்குள் எழுகிறது.

கொள்கைப் பாடங்களில் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வது தொழில்நுட்பத்தைச் சமூகம் எப்படிக் கட்டுப்படுத்துவது என்று ஆராய்ந்த டேவிட் காலிங்ரிட்ஜ் 1980-இல் சொன்ன இக்கட்டு. ஒரு தொழில்நுட்பம் இளமையாக இருக்கும்போது அதை எளிதாக மாற்றலாம், ஆனால் அதன் தீமை என்னவென்று தெரியாது. தீமை தெரியும் காலத்தில் அது எங்கும் வேரூன்றியிருக்கும், மாற்றுவது பெரும்பாடு. சொல்லும்போது தெளிவாக இருக்கும் இதை ஓர் உண்மை நிகழ்வில் பொருத்திப் பார்த்தால்தான் கூர்மை தெரியும். எனக்கு அந்த நிகழ்வு, மின்நுகர்வைத் தானே பதிந்து அனுப்பும் ஸ்மார்ட் மீட்டருக்கான நெதர்லாந்தின் சட்டம். எல்லா வீடுகளிலும் கட்டாயமாகப் பொருத்தத் திட்டமிட்டார்கள்; மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்தார்கள். மீட்டர் குறுகிய இடைவெளியில் பதியும் அளவுகளைப் பார்த்தால் வீட்டில் ஆள் இருக்கிறார்களா, எப்போது உறங்கப் போகிறார்கள் என்பதுகூடத் தெரிந்துவிடும் என்று தனியுரிமை ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். 2009-இல் நாடாளுமன்ற மேலவை அந்த ஏற்பாட்டை ஏற்க மறுத்தது. வேண்டாம் என்று சொல்லும் உரிமையை வீட்டுக்காரருக்குக் கொடுத்துத் திருத்திய பிறகே சட்டம் நிறைவேறியது.

நான் எழுதிக்கொண்டிருந்த மென்பொருளின் உலகம் அது. கருவியில் ஒரு பழுதும் இல்லை. "மறுக்கலாமா?" என்ற ஒரு கேள்விக்குச் சட்டம் தந்த பதில் முழுத் திட்டத்தையும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டது. என் வேலையில் நான் கண்ட அந்த ஒரு பகுதியின் எதிர்ப்புக்குப் பெயரும் வடிவமும் கிடைத்தது அந்த வகுப்பில்தான்.

இனி, இந்தப் படிப்பில் எனக்கு மிக அதிகமாகப் பயன்பட்ட பயிற்சி. அது இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு. ஒரு சிக்கல், முடிவெடுக்க வேண்டிய ஒருவரின் பதவி, ஒரு கெடு, இவற்றைக் கொடுத்துவிட்டு எழுதச் சொல்வார்கள். எங்கள் பேராசிரியை அரசுப் பணியில் நெடுங்காலம் இருந்துவிட்டுக் கற்பிக்க வந்தவர். பென்சிலால் திருத்துவார். ஒருமுறை என் வகுப்புத்தோழரின் குறிப்பை எல்லோருக்கும் காட்டி விளக்கினார். முதல் பத்தி முழுவதும் தொழில்நுட்பத்தின் வரலாறு. அதன் மேல் ஒரு கோடு. இரண்டாவது பத்தி அது எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம். அதன் மேலும் ஒரு கோடு. இரண்டாம் பக்கத்தின் நடுவில் "ஆகவே உரிமத்தை ஓராண்டுக்கு மட்டும் நீட்டிக்கலாம்" என்று ஒரு வரி இருந்தது. அதைச் சுற்றி வட்டமிட்டு, அங்கிருந்து முதல் பக்கத்தின் மேல் ஓரம் வரை ஓர் அம்பு. "இதைப் படிப்பவர் கார் கதவைத் திறப்பதற்குள் படித்து முடிப்பார். அவர் இறங்குவதற்கு முன் இந்த வரி அவர் கண்ணில் பட வேண்டும்" என்றார்.

அந்த வகுப்பில் பழகிய ஒழுங்கை இன்றும் கைவிடவில்லை. முதல் இரண்டு வரியில் பரிந்துரை. அடுத்து, அதற்கான காரணம் மூன்றுக்கு மேல் போகாமல். பிறகு, இதை ஏற்றால் யார் எதிர்ப்பார்கள், அவர்கள் சொல்வதில் எது நியாயம். எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எழுத வேண்டும். அதைப் பலவீனமாகக் காட்டினால் கூட்டத்தில் முடிவெடுப்பவர் தனியே மாட்டிக்கொள்வார், அடுத்த முறை உங்கள் குறிப்பைத் தொடமாட்டார். கடைசியில், எந்தத் தகவல் வந்தால் இந்தப் பரிந்துரையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி. பலரும் விட்டுவிடும் பகுதி அதுதான். எழுதுபவரின் நேர்மையை நான் அந்த ஒரு வரியில் எடை போடுகிறேன். பொறியாளர்களுக்கு இந்த எழுத்து எளிதில் வராது. நாம் படிப்படியாக நிறுவி முடிவுக்கு வரப் பழகியவர்கள். முடிவை முதலில் சொல்வது ஏதோ ஆதாரமின்றிப் பேசுவது போலக் கூச்சமாக இருக்கும். வாரம் ஒன்றாக எழுதி, துறை தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு, "நான் என்ன செய்யச் சொல்கிறேன்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள்.

குழுப்பணி இந்தப் படிப்பில் நிறைய உண்டு. வழக்கறிஞர், பொருளியலாளர், பொறியாளர், சமூகவியலாளர் என்று கலந்துதான் போடுவார்கள். வேலையைப் பங்கு பிரித்துக் கடைசி நாளில் ஒட்ட வைக்காதீர்கள். முதல் சந்திப்பிலேயே சிக்கலை ஆளுக்கொரு பத்தியில் தனித்தனியே எழுதி, பிறகு சத்தமாகப் படியுங்கள். நான்கு பேரும் நான்கு வெவ்வேறு சிக்கல்களைத் தீர்க்க உட்கார்ந்திருப்பது அப்போதே தெரியும்.

ஆய்வேட்டுக்கு வருகிறேன். மீட்டர் அளவுகள் ஏன் சில இடங்களில் தொடர்ந்து விடுபட்டுப் போகின்றன என்பது என் தலைப்பு. பதிவுகள் கணினியில் ஏராளமாக இருந்தன. மாதிரியைக் கட்டி ஓட்டிவிட்டால் அத்தியாயம் தயார். என் நெறியாளர் அதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தார்: அந்தப் பதிவுகளை உண்டாக்கும் ஆட்களோடு சில நாள் நடந்துவிட்டு வா. அளவெடுக்கும் ஊழியர் ஒருவரோடு காலையிலிருந்து நடந்தேன். அவர் கையில் ஒரு சிறு கருவி. அளவு எடுக்க முடியாத வீட்டுக்குக் காரணத்தைத் திரையில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு வீட்டில் மீட்டர் பெட்டியின் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துப்போய் எண்ணே தெரியவில்லை. ஒரு வீட்டில் பெட்டிக்கு முன்னால் அலமாரியைப் போட்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் வீட்டுக்காரரே "வேண்டாம், போய்விடுங்கள்" என்றார். எல்லா இடத்திலும் அவர் தேர்ந்தெடுத்தது ஒரே காரணம்: "கதவு பூட்டியிருந்தது". ஏன் என்று கேட்டேன். மற்ற காரணங்களைத் தேர்ந்தெடுத்தால் படம் எடுத்து ஏற்ற வேண்டும், மேலதிகாரிக்கு விளக்கம் எழுத வேண்டும். இதைத் தொட்டால் திரை உடனே அடுத்த வீட்டுக்குப் போகும். நாள் முடிவதற்குள் அவர் முடிக்க வேண்டிய வீடுகளின் பட்டியல் நீளம். அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

அலுவலகத்தில் இருந்துகொண்டே அந்தப் பதிவுகளை ஆராய்ந்திருந்தால், மக்கள் பகலில் வீட்டில் இருப்பதில்லை, மாலையில் ஆள் அனுப்ப வேண்டும் என்ற பரிந்துரை வந்திருக்கும். புள்ளியியல்படி அதில் ஒரு குறையும் இருந்திருக்காது. என் ஆய்வேட்டின் மையம் அந்தத் திரையின் வடிவமைப்புக்கு மாறியது. காரணம் தேர்ந்தெடுக்கும் பட்டியலை மாற்றி, விளக்கம் எழுதும் சுமையை எடுத்துவிட வேண்டும் என்பதே என் முதல் பரிந்துரை. எந்தத் தரவையும் தொடுவதற்கு முன் அதைப் பதிபவர் யார், எந்த அவசரத்தில் பதிகிறார், எதைப் பதிந்தால் அவருக்கு வேலை கூடும், எதைப் பதிந்தால் குறையும் என்று கேளுங்கள். இதை எந்த மென்பொருளும் உங்களுக்குச் சொல்லாது.

வேலை பற்றிச் சுருக்கமாக. இந்தப் பட்டத்துக்கென்று ஒரு நிலையான பதவிப் பெயர் கிடையாது. ஒழுங்குமுறை ஆணையங்கள், அமைச்சகங்கள், தரநிலை வகுக்கும் அமைப்புகள், ஆலோசனை நிறுவனங்கள், தொழில் நிறுவனங்களின் உத்திப் பிரிவுகள், கொள்கை ஆய்வு மையங்கள், பல்கலைக்கழகங்களில் காப்புரிமைகளைத் தொழிலுக்குக் கொண்டுசெல்லும் அலுவலகங்கள் என்று பரந்து கிடக்கிறது. வளாகத் தேர்வில் வரிசையாக நிறுவனங்கள் வந்து அள்ளிப் போகும் படிப்பு இது இல்லை. சம்பளத்தை மட்டும் நோக்கமாகக் கொண்டால் நல்ல எம்.பி.ஏ.வே மேல் என்று தயங்காமல் சொல்வேன். கடன் வாங்கிப் படிக்கப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வு உதவியாளர் பணி, கல்விக் கட்டணச் சலுகை ஆகியவற்றைப் பற்றிச் சேர்க்கைக் கடிதம் வருவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். முதல் வேலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஆய்வேட்டின் தலைப்பு. நேர்காணலில் என் மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை. அந்தத் திரையைப் பற்றித்தான் வெகுநேரம் பேசினார்கள்.

முனைவர் பட்டம் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு கேள்வியோடு ஐந்தாறு ஆண்டு தனியாக வாழ முடியும் என்பவர்களுக்கு அது உரியது. கொள்கை உலகில் செயல்பட விரும்புபவர்களுக்கு முதுநிலையே போதும். இடையில் வேலைக்குப் போய்விட்டு நல்ல கேள்வியோடு திரும்பி வந்தவர்களின் ஆய்வுகள் ஆழமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

சேரலாமா வேண்டாமா என்ற குழப்பத்தில் இருப்பவர்கள், கட்டணம் எதுவும் கட்டாமல் வீட்டிலிருந்தே தங்களைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பல ஒழுங்குமுறை ஆணையங்கள் புதிய விதிகளின் வரைவை வெளியிட்டு, பொதுமக்களின் கருத்தைக் கேட்டுக் கெடு வைக்கின்றன. உங்கள் துறையைச் சேர்ந்த வரைவு ஒன்றை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். எந்தப் பிரிவு யாருக்குச் சுமை, யாருக்கு ஆதாயம் என்று ஓரத்தில் குறியுங்கள். நிறுவனங்களும் நுகர்வோர் அமைப்புகளும் அனுப்பிய கருத்துகள் வெளியிடப்பட்டிருந்தால் அவற்றையும் எதிரெதிரே வைத்துப் படியுங்கள். பிறகு, ஒரே ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு மாற்று வாசகத்தை நீங்களே எழுதி, காரணத்தோடு இரண்டு பக்கத்துக்குள் அனுப்புங்கள். இறுதி விதி வெளிவரும்போது, வந்த கருத்துகளுக்கு ஆணையம் தந்த விளக்கத்தையும் பல இடங்களில் சேர்த்தே வெளியிடுவார்கள். உங்கள் பிரிவில் என்ன ஆயிற்று, எந்த வாதம் எடுபட்டது, எது எடுபடவில்லை என்று பாருங்கள். அந்த ஆவணத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் இரவு வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.